மேல் டிவிஷனுக்குக் கரண்ட்: முதலில் மீற்றர், பிறகு ஓடை

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், வேறு தோட்டத்து ஆட்களுக்கும் உதவும். மஸ்கெலியாப் பக்கம் ஒரு தோட்டம். மேல் டிவிஷனில் 18 குடும்பங்கள். லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், ஐந்து காம்பராவுக்கு (ஒரு குடும்பம் இருக்கும் அறைக்கு) மட்டும் மின் மீற்றர் இருக்கிறது. மற்றவர்கள் அவர்களிடமிருந்து வயர் இழுத்து எரிக்கிறார்கள். லயத்துக்கு மேலே தனியாக வீடு போட்டவர்களுக்கு அதுவும் இல்லை, குப்பி லாம்புதான். காட்டோரமாக ஓர் ஓடை விழுகிறது. அதில் தண்ணீரால் சுற்றும் டைனமோ வைக்கலாமா, சோலர் போடலாமா, இல்லை மின்சார சபைக்கே அலைவதா என்று ஒரு தம்பி கேட்டிருக்கிறார்.

அலையுங்கள் என்பதுதான் என் பதில். ஒவ்வொரு குடும்பத்துக்கும் அவரவர் பெயரில் மீற்றர் வாங்க முதலில் அலையுங்கள். அந்த வேலை நடக்கும்போதே ஓடையையும் அளந்து வையுங்கள். டைனமோ வேலை தெரிந்தவன் இப்படிச் சொல்கிறானே என்று நினைக்கலாம். காரணம் இருக்கிறது, சொல்கிறேன்.

மலையகத்தில் மின்சாரத்துக்கு என்றைக்கும் பஞ்சம் இருந்ததில்லை. மவுஸ்ஸாக்கலைத் தண்ணீர் கெனியன், புதிய லக்ஸபான, பொல்பிட்டிய என்று ஒன்றன்பின் ஒன்றாக மின் நிலையங்களில் இறங்கித்தான் போகிறது. பொறியியலாளர் விமலசுரேந்திர நானுஓயாவுக்கும் நுவரெலியாவுக்கும் இடையில் பிளக்பூலில் சிறிய நீர்மின் நிலையம் அமைத்து நுவரெலியா நகருக்கு வெளிச்சம் கொடுத்தது 1912இல். லக்ஸபானவில் என்ன செய்யலாம் என்று அவர் 1918இலேயே கணக்குப் போட்டுக் காட்டினார். நிலையம் ஓடத் தொடங்கியது 1950இல். அதே காலத்தில் தோட்டங்களிலும் ஓடைத் தண்ணீரில் டர்பைன் சுற்றியது. இங்கிலாந்தின் கில்க்ஸ் கம்பனி செய்த பழைய டர்பைன்கள் துருப்பிடித்தபடி இன்னும் சில ஸ்டோர்களின் (தேயிலைத் தொழிற்சாலைகளின்) பின்னால் கிடக்கின்றன. கொழுந்து அரைக்கும் ரோலருக்கும் துரை (தோட்ட மேலாளர்) பங்களாவுக்கும் கரண்ட் வந்தது. லயத்துக்கு வரவில்லை. தேசிய மின்கம்பி மலிவாக வந்து சேர்ந்ததும் அந்த டர்பைன்களையும் கைவிட்டார்கள்.

2016 வாக்கில் நாட்டின் மின்வசதி கிட்டத்தட்ட நூறு வீதத்தை எட்டிவிட்டது. ஆனால் வெளிச்சத்துக்கு என்ன பாவிக்கிறீர்கள் என்று கேட்டால், பக்கத்துக் காம்பராவிலிருந்து வயர் இழுத்தவரும் மின்சாரம் என்றுதான் சொல்வார். உங்கள் டிவிஷனின் பெரும்பகுதி அந்த நூறு வீதத்துக்குள் ஏற்கெனவே அடங்கிவிட்டது.

மீற்றர் கிடைக்காததற்குக் கம்பியின் தூரத்தைவிடக் காணிதான் பெரிய காரணம். 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களில் தோட்டங்கள் அரசிடம் போயின. 1992இல் நிர்வாகம் பிராந்தியக் கம்பனிகளிடம் வந்தது. நிலம் அரசுடையது, நிர்வாகம் கம்பனியுடையது, மூன்று தலைமுறையாகக் காம்பராவில் இருப்பவரிடம் உறுதியும் இல்லை, வாடகை ஒப்பந்தமும் இல்லை. மின் இணைப்புக்கு விண்ணப்பித்தால் முதல் கேள்வியே இது யாருடைய இடம் என்பதுதான். அப்போது தோட்ட நிர்வாகத்தின் ஆட்சேபனையில்லாக் கடிதம் வேண்டும். அந்தக் கடிதத்துக்குத்தான் ஆட்கள் மாதக்கணக்கில் ஆபீஸ் வாசலில் நிற்கிறார்கள். வீட்டில் யாரும் இப்போது தோட்டத்தில் பேர் பதிந்து வேலை செய்யவில்லை என்றால் இன்னும் கஷ்டம். கொழும்பில் கடையில் நிற்கும் மகன் அனுப்பும் காசில் வாழும் குடும்பத்தை நிர்வாகம் வெளியாளாகப் பார்க்கும்.

ஆகவே ஒவ்வொருவராகப் போகாதீர்கள். 18 குடும்பத்தின் பெயர், அடையாள அட்டை இலக்கம், காம்பரா இலக்கம் எல்லாவற்றையும் ஒரே பட்டியலாக எழுதுங்கள். தனி வீடு போட்டவர்களையும் சேருங்கள். கிராம உத்தியோகத்தரிடம் வதிவிட உறுதி வாங்குங்கள். எந்தத் தொழிற்சங்கம் என்று பார்க்காமல் தலைவர்மார் எல்லாரும் சேர்ந்து பெரிய துரையிடம் போய், முழுப் பட்டியலுக்கும் ஒரே கடிதம் கேளுங்கள். வாய்ச் சம்மதம் வேண்டாம். துரை மாறினால் அதுவும் போய்விடும். அப்புறம் அந்தக் கடிதத்தையும் பட்டியலையும் எடுத்துக்கொண்டு உங்கள் பகுதி மின் அத்தியட்சகர் அலுவலகத்துக்குப் போங்கள், ஒரு பிரதியைப் பிரதேச செயலகத்திலும் கொடுங்கள். பிரதேச சபையையும் விடாதீர்கள். முன்பெல்லாம் தோட்டத்துக்குள் செலவு செய்யச் சட்டத்தில் இடமில்லை என்று சொல்லிக் கைவிரிப்பார்கள். பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு 2018இல் திருத்தப்பட்ட பிறகு அந்தச் சாக்கு செல்லாது. பாதை விளக்காவது அவர்களிடம் கேட்கலாம்.

இப்போது இருக்கிற ஐந்து மீற்றரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நம் நாட்டில் வீட்டுக் கட்டணம் படி படியாக ஏறுவது தெரிந்ததே. மாதம் 30 யூனிட்டுக்குள் எரிப்பவருக்கு ஒரு விலை, 60க்குள் ஒரு விலை, அதற்கு மேல் போனால் வேறு கணக்கு. மூன்று குடும்பம் ஆளுக்கு 30 யூனிட் எரித்தால் தனித்தனி மீற்றரில் மூவரும் கீழ்ப்படியில் இருப்பார்கள். ஒரே மீற்றரில் அது 90 யூனிட். ஏழைகளுக்கென்று வைத்த மலிவு விலை அந்த மூன்று வீட்டுக்குமே கிடைக்காமல் போகிறது. 30 யூனிட்டுக்குள்ளான விலை நெடுங்காலம் 2 ரூபா 50 சதமாக இருந்து, 2022 ஓகஸ்டில் 8 ரூபாவாகி, 2023 பெப்ரவரியில் 30 ரூபாவுக்குப் பாய்ந்தது. பிறகு குறைத்தார்கள் என்றாலும், அந்த மாதங்களில் ஒரு மீற்றரைப் பங்கு போட்டவர்களுக்குள் வந்த சண்டை பல லயங்களில் இன்னும் ஆறவில்லை. மீற்றர்க்காரர் பில் கட்டாமல் விட்டால் மூன்று வீடும் இருட்டில். ஆகவே மீற்றரை வெறும் சௌகரியமாக நினைக்காதீர்கள். அரசாங்கத் தாளில் உங்கள் பெயரும் முகவரியும் ஒன்றாக வரும் சில இடங்களில் கரண்ட் பில்லும் ஒன்று. பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போகும்போது அது தெரியும்.

அடுத்தது வயரிங். இதில் கொஞ்சம் கோபத்தோடுதான் எழுதுகிறேன். லயத்தில் தீப் பிடித்தது, மின்னொழுக்கு காரணம் என்று செய்தி வராத வருடம் இல்லை. ஒரு காம்பராவில் பற்றினால் வரிசை முழுக்கப் போகிறது, ஏனென்றால் கூரை ஒன்று, மரச்சட்டம் ஒன்று, மேலே தடுப்புச் சுவரும் பல இடங்களில் இல்லை. வயர் அந்தக் கூரைக்கடியில்தான் ஓடுகிறது, புகைபடிந்து காய்ந்த சட்டத்தில் ஆணி அடித்து. ஒரு பல்புக்கு என்று இழுத்த மெல்லிய வயரில் பிறகு டிவி, அயர்ன், ரைஸ் குக்கர், தண்ணீர் சுட வைக்கும் கொயில் எல்லாம் ஏறுகின்றன. ஏழாவது காம்பரா தன் வயரை ஆறாவதிலிருந்து எடுக்கிறது, ஆறாவது ஐந்தாவதிலிருந்து. இணைப்பில் முறுக்கிச் சுற்றிய டேப். மழைக்காலத்தில் கூரை ஒழுகும் இடமும் அதுவே.

மீற்றர் வரும்வரை காத்திருக்காமல் இதை இப்போதே திருத்தலாம். மீற்றர் உள்ள ஐந்து காம்பராவிலும் 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச் (மின்னொழுக்கு வந்தால் கரண்டைத் துண்டிப்பது) வேலை செய்கிறதா என்று அதிலுள்ள டெஸ்ட் பொத்தானை அழுத்திப் பாருங்கள். அடிக்கடி விழுகிறது என்று அதைத் தாண்டி நேராக வயர் கொடுத்திருந்தால், அந்த லயத்தில் படுப்பது எனக்குப் பயம். எர்த் கம்பி மண்ணில் உண்மையிலேயே இறங்கியிருக்கிறதா என்றும் பாருங்கள். பாறை என்று சொல்லி அரை அடியில் விட்டுவிடுகிறார்கள். இழுத்த வயர்களை ஒரே நாளில் கழற்றச் சொல்ல முடியாது, தெரியும். குறைந்தபட்சம் ஒவ்வொரு பிரிவு வயருக்கும் தொடக்கத்திலேயே 6 அம்பியர் பிரேக்கர் ஒன்று போடுங்கள். அதில் ரைஸ் குக்கரும் அயர்னும் ஒன்றாக ஓடாது. அது நல்லதுதான்.

சரி, ஓடைக்கு வருவோம்.

ஓடையில் எவ்வளவு கரண்ட் இருக்கிறது என்பதைக் கண்டுபிடிக்க எஞ்சினியர் தேவையில்லை. செக்கனுக்கு எத்தனை லீற்றர் வருகிறது, எத்தனை மீற்றர் உயரம் இறங்குகிறது, இரண்டையும் பெருக்கி 5ஆல் பெருக்குங்கள். கிடைப்பது வாட். கொள்கைப்படி 9.8ஆல் பெருக்க வேண்டும். ஆனால் குழாயிலும் டர்பைனிலும் ஜெனரேற்றரிலும் ஏறத்தாழப் பாதி போய்விடும். உங்கள் ஓடை வறட்சியில் செக்கனுக்கு 12 லீற்றர் கொடுத்து, 35 மீற்றர் இறக்கமும் கிடைத்தால் 2,100 வாட். வீட்டுக்கு 115 வாட் அளவு.

இதில் வறட்சி என்ற சொல்தான் முக்கியம். ஜூலையில் போய் அளந்தால் எந்த ஓடையும் மகாவலிதான். மஸ்கெலியா, நோர்வூட், பொகவந்தலாவைப் பக்கத்துக்குத் தென்மேற்கு மழை மே முதல் செப்டம்பர் வரை. தண்ணீர் இறங்கும் காலம் ஜனவரி முதல் மார்ச் வரை. பசறை, லுணுகலைப் பக்கத்தில் இது தலைகீழ். அங்கே ஜூன் முதல் செப்டம்பர்தான் வறட்சி. அவரவர் காய்கிற மாதத்தில் அளந்த எண்ணை மட்டுமே நம்ப வேண்டும். சின்ன ஓடையென்றால் தண்ணீர் முழுவதையும் ஒரு தகரத்தால் திருப்பி, அளவு தெரிந்த பீப்பாய் எத்தனை செக்கனில் நிறைகிறது என்று பாருங்கள். உயரத்தைப் போனில் பார்க்காதீர்கள், அது பத்து மீற்றர் கூடக் குறையக் காட்டும். மேலிருந்து கீழ்வரை ஹோஸ் குழாய் இழுத்துத் தண்ணீர் நிரப்பி, அடியில் அமுக்கமானி பூட்டினால் 1 பார் என்பது ஏறத்தாழ 10 மீற்றர்.

115 வாட்டில் என்ன நடக்கும்? எல்ஈடி பல்புகள், போன் சார்ஜ், சின்ன டிவி, பிள்ளைகள் படிக்க வெளிச்சம். நன்றாக நடக்கும். ரைஸ் குக்கர் நடக்காது. ஒன்று போட்டாலே ஐந்தாறு வீட்டுப் பங்கு அதற்கே போகும். நான்கு வீட்டில் ஒரே நேரத்தில் போட்டால் லயம் முழுக்க இருட்டு. ஆனால் டைனமோ இரவும் பகலும் ஓடுகிறது. ஒரு நாளில் 50 யூனிட் அளவு வருகிறது. குடும்பத்துக்கு மாதம் 80 யூனிட்டுக்கு மேல். மாலை ஆறு முதல் பத்து வரைதான் நெருக்கடி. நள்ளிரவில் கரண்ட் வீணாகிறது. அந்த மிச்சத்தை எரிக்கத்தான் லோட் கொன்ட்ரோலர் என்ற பெட்டி. எல்லாரும் விளக்கை அணைத்ததும் டர்பைன் வேகம் ஏறும், வோல்ட் ஏறும், எரிந்துகொண்டிருக்கும் ஒன்றிரண்டு பல்பும் போகும். அதைத் தடுக்க இந்தப் பெட்டி மிச்சக் கரண்டைத் தண்ணீர்த் தொட்டிக்குள் இருக்கும் ஹீட்டருக்குத் திருப்பிவிடும். பல இடங்களில் அந்தச் சுடுதண்ணீர் ஓடையிலேயே போகிறது. மஸ்கெலியாக் குளிரில் விடியற்காலை மலைக்குப் போகிறவர்கள் வாழும் இடத்தில் இதைவிட அநியாயம் இல்லை. தொட்டியை லயத்துப் பக்கத்தில் வைத்துப் பொதுக் குளியலறைக்குக் கொடுங்கள்.

இயந்திரத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. இந்த உயரத்துக்குப் பெல்டன் சக்கரம் (விளிம்பில் கிண்ணங்கள் உள்ள டர்பைன்), ஜெனரேற்றருக்குக் கப்பாசிற்றர் பூட்டிய சாதாரண மூன்று பேஸ் மோட்டர். இரண்டும் இங்கேயே செய்கிறார்கள், திருத்தவும் ஆள் இருக்கிறது. கவனம் தேவைப்படுவது குழாயும் கம்பியும். காசு மிச்சம் பிடிப்பது அங்கேதான், கெட்டுப்போவதும் அங்கேதான். செக்கனுக்கு 12 லீற்றர் ஓடும் 110 மில்லிமீற்றர் பிவிசி குழாயில் 100 மீற்றருக்கு ஏறத்தாழ 2 மீற்றர் உயரம் உராய்வில் போகிறது. 90 மில்லிமீற்றர் போட்டால் 5 மீற்றரை நெருங்கும். கம்பியிலும் இதே கதை. டர்பைன் பள்ளத்தில், லயம் 600 மீற்றர் தள்ளி என்று வையுங்கள். வீட்டு வயரிங்குக்குப் போடும் 2.5 சதுர மில்லிமீற்றர் செப்பு வயரில் 2 கிலோவாட்டை அனுப்பினால் 230 வோல்ட்டில் 70க்கு மேல் வழியிலேயே தொலையும். 16 சதுர மில்லிமீற்றர் அலுமினியத்தில் 20 அளவு. இதைக் கணக்குப் பார்க்காமல் டைனமோ சரியில்லை என்று டைனமோக்காரரைத் திட்டுகிறார்கள்.

தண்ணீரைத் திருப்பும் இடத்துக்கும் டர்பைனுக்கும் இடையில் ஓடை வற்றிப்போகும். உங்கள் தண்ணீர்ப் பீலிக்கோ கீழ்த் தோட்டத்துக்கோ அந்தத் துண்டிலிருந்துதான் தண்ணீர் போகிறது என்றால் இந்தப் பேச்சை இதோடு விட்டுவிடுங்கள். காட்டு எல்லைக்குள் அணை கட்டுவதானால் வனத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும்.

மண் கால்வாய் வெட்டவே வேண்டாம். கொஸ்லந்த மீரியபெத்தவில் 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி மலை சரிந்து லயங்களை மூடியதை மறந்திருக்க மாட்டீர்கள். சரிவில் ஊறும் தண்ணீர்தான் மண்ணைத் தளர்த்துகிறது. லயத்துக்கு மேலே குறுக்காக வெட்டிய கால்வாய் கசிந்தால் வெளியே தெரியாது, வருடக்கணக்கில் உள்ளே இறங்கிக்கொண்டிருக்கும். முழுத் தூரமும் குழாய்தான், அதுவும் லயத்துக்கு நேர் மேலே வராமல். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு வரைபடத்தில் உங்கள் இடம் எந்த நிறத்தில் இருக்கிறது என்று பிரதேச செயலகத்தில் கேளுங்கள். சிவப்பென்றால் ஓடையும் வேண்டாம். அங்கே முதலில் கேட்க வேண்டியது வேறு இடத்தில் வீடு.

இனி, மீற்றரை ஏன் முதலில் வைத்தேன் என்பது. தொண்ணூறுகளிலிருந்து இரத்தினபுரி, கேகாலை மாவட்டக் கிராமங்களில் இப்படிச் சிறு டைனமோக்கள் நூற்றுக்கு மேல் வந்தன. 1997இல் தொடங்கி உலக வங்கியின் கடனுதவியோடு இரண்டு திட்டங்கள் நடந்தன. ஊரார் மின் நுகர்வோர் சங்கம் அமைத்து, தாங்களே கல் சுமந்து, தாங்களே கட்டணம் வசூலித்து நடத்தினார்கள். நல்ல வேலை, பார்த்தால் பொறாமை வரும். ஆனால் அவை பெரும்பாலும் சொந்தக் காணி உள்ள கிராமங்கள். தோட்டத்தில் அணை ஒருவரின் நிலத்தில், குழாய் இன்னொருவரின் அனுமதியில். பிறகு அந்தக் கிராமங்களுக்குத் தேசிய மின்கம்பி வந்தது. வந்த சில மாதங்களில் ஆட்கள் அங்கே மாறினார்கள், ஏனென்றால் அயர்ன் போடலாம், பிரிஜ் வாங்கலாம். சங்கத்தில் பாதிப் பேர் போனால் மீதிப் பேரின் காசில் டைனமோவைப் பராமரிக்க முடியாது. பல நின்றுவிட்டன. ஒரு சில மட்டும் தேசிய கம்பியோடு இணைந்து கரண்டை விற்கும் நிலைக்கு வந்தன.

உங்கள் டிவிஷனுக்கு ஏற்கெனவே கம்பி வந்துவிட்டது, ஐந்து மீற்றர் இருக்கிறதே. லட்சக்கணக்கில் போட்டு டைனமோ கட்டிய மறு வருடம் மற்றப் பதின்மூன்று மீற்றரும் வந்தால் அது துருப்பிடிக்கும். லயத்துக்கு மேலே உள்ள தனி வீடுகளுக்குக் கம்பி இழுக்கப் பல தூண்கள் வேண்டும், இப்போதைக்கு முடியாது என்று எழுத்தில் பதில் வந்தால், அவர்களுக்கு மட்டும் ஒரு கிலோவாட் அளவில் சின்னதாகக் கட்டுங்கள். அப்போதும் வீட்டுக்குள் வயரிங்கை மின்சார சபை ஏற்கும் தரத்தில் செய்யுங்கள், பின்னால் மீற்றர் வரும்போது ஒரு வயரை மாற்றினால் போதும். கரண்டைக் காசுக்கு விற்பதற்குச் சட்டத்தில் அனுமதிப்பத்திரம் தேவை, ஆகவே தொடங்குமுன் நிலைபெறுதகு வலு அதிகாரசபையிடம் எழுதிக் கேளுங்கள்.

தேசிய கம்பி என்றால் எப்போதும் வெளிச்சம் என்று சொல்லவில்லை. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளில் 13 மணி நேரம் வெட்டினார்கள். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்ததில் நாடே இருண்டது. தனியாக ஓடும் டைனமோவுக்கு அந்தக் குரங்கு ஒரு பொருட்டே இல்லை. அந்த ஆசையை நானும் புரிந்துகொள்கிறேன்.

சோலரைப் பற்றி: ஒரு பேனல், ஒரு பற்றரி, நான்கு பல்பு என்ற சின்னத் தொகுதி தனி வீடுகளுக்கு இன்றைக்கே உதவும், குப்பி லாம்பை விடலாம். மேலே சொன்ன இரண்டு திட்டங்களிலும் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட வீடுகளுக்கு அப்படித்தான் கொடுத்தார்கள். ஆனால் ஜூன், ஜூலையில் உங்கள் பக்கத்தில் நாள் முழுக்க மூடுபனி. பேனல் ஈரமாகத்தான் இருக்கும். லித்தியம் பற்றரியாகப் பார்த்து வாங்குங்கள். பழைய லொறிப் பற்றரியைத் தலையில் கட்ட விடாதீர்கள். ஓடையும் சோலரும் ஒன்றுக்கொன்று கைகொடுக்கும், ஓடை வற்றும் ஜனவரி முதல் மார்ச் வரைதான் உங்களுக்கு நல்ல வெயில்.

டைனமோ கட்டுவதென்று முடிவானால், கட்டும் காசைப் பேசுமுன் பார்த்துக்கொள்பவருக்கு மாதம் எவ்வளவு என்று பேசுங்கள். மழை நாளில் விடியுமுன் மேலே ஏறி தண்ணீர் எடுக்கும் வாயிலில் அடைத்த சவுக்கு இலையையும் மானாப் புல்லையும் அள்ள வேண்டும், மணல் தொட்டியைத் திறந்துவிட வேண்டும். மணல் உள்ளே போனால் சக்கரத்தின் கிண்ணங்கள் தேயும். ஏப்ரல், ஒக்டோபர் இடியில் கொன்ட்ரோலர் போகாமலிருக்க இடிதாங்கிகளையும் பார்க்க வேண்டும். இதைச் சும்மா செய் என்று ஓர் இளைஞனின் தலையில் கட்டினால், அவன் கொழும்புக்குப் பஸ் ஏறும் நாள்வரைதான் கரண்ட். இரண்டு பேருக்குப் பழக்குங்கள், அதில் ஒருவர் லயத்திலேயே இருக்கும் பெண்ணாக இருக்கட்டும். வீட்டுக்கு 200 ரூபா போட்டாலும் 18 வீட்டில் மாதம் 3,600 ரூபா. பெயரிங், பெல்ட் மாற்றவே அது போய்விடும், சம்பளம் அதற்கு மேல். இந்தக் கணக்கைக் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் போட்டுக் காட்டிய பிறகு எத்தனை குடும்பம் கை தூக்குகிறது என்று பார்த்துவிட்டு எழுதுங்கள். வறட்சியில் அளந்த லீற்றர் கணக்கையும் சேர்த்து அனுப்பினால் குழாய் அளவையும் சக்கர அளவையும் போட்டுத் தருகிறேன்.